பொறுமையாக இருந்த காலம்

அத்தை கொச்சி மட்டாஞ்சேரியிலிருந்து எங்கள் காக்கநாட்டு வீட்டுக்குக் குடிவந்தபோது கொண்டுவந்த சாமான்களில் பாதி அவளுடைய இடது காலுக்குச் சொந்தமானவை. அகலமான பிளாஸ்டிக் பேசின் இரண்டு, மூடி போட்ட வாளி, உட்காரப் பலகை, காலைத் தூக்கி வைக்க முக்காலி, மாமாவின் பழைய வேட்டிகளைக் கிழித்து மடித்த துணிக்கட்டு, சோப்பு, களிம்பு, சின்னக் கண்ணாடி ஒன்று. கண்ணாடி முகம் பார்க்க இல்லை. உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பார்க்க. ஆட்டோவிலிருந்து இவற்றை இறக்கி, குளியலறையில் எது எங்கே இருக்க வேண்டும் என்று எனக்குக் காட்டிய பிறகுதான் தன் துணிப்பையை எங்கே வைப்பது என்று கேட்டாள்.

அது 2011. மாமா இறந்துவிட்டார். மகன் மஸ்கட்டில். காயலை ஒட்டிய சந்தில் இருந்த அவர்கள் வீட்டுக்குள் வேலியேற்ற நாட்களில் உப்புத்தண்ணீர் ஏறும். அந்தத் தண்ணீரில் வைக்கக் கூடாத கால் அது. நானும் கணவரும் வாழக்காலா பக்கம் ஓர் அடுக்குமாடியில் இருந்தோம். எனக்கு ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்குப் போடும் வேலை. ஒரு அறை காலியாகத்தான் கிடந்தது.

மட்டாஞ்சேரியில் அத்தையின் காலை யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்த்ததில்லை. அவள் வயதுப் பெண்கள் பலருக்கு அங்கே மந்து, அதாவது யானைக்கால், உண்டு. காக்கநாடு வேறு உலகம். மேட்டு நிலம், மாவட்ட ஆட்சியர் அலுவலகம், 2004இல் திறந்த இன்போபார்க், அதை நம்பி எழுந்த கட்டடங்கள். அங்கே குடிவந்த இளவயதுக்காரர்கள் அப்படியொரு காலைக் கண்ணால் கண்டதில்லை. லிப்டில் ஒரு பையன் குனிந்து பார்த்து, “அம்மூம்மே, இதெந்தா?” என்று கேட்டுவிட்டான். அவன் அம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று. அத்தை அலட்டிக்கொள்ளாமல், “ஒரு கொதுகு கடிச்சதா, மோனே” என்றாள்.

சரியான பதில்தான். ஒரு கடி இல்லை, வருஷக்கணக்கில் பல ஆயிரம் கடி; மற்றபடி காரணம் அதுவே.

கொச்சிக்கு வந்த வெள்ளைக்காரர்கள் மிளகைப் பற்றி எழுதியதுபோலவே காலைப் பற்றியும் எழுதினார்கள். ஆங்கிலத்தில் ‘கொச்சிக் கால்’ என்றே ஒரு பெயர் புழங்கியது. 1596இல் அச்சான தன் பயண நூலில் லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர், புனித தோமையாரைக் கொன்றவர்களின் சந்ததிக்கு முழங்காலுக்குக் கீழே யானைக்கால் போலப் பருத்திருக்கும் என்று தான் கேட்டதை எழுதிவைத்தார். சாபத்தை நீக்கிவிட்டுக் கொசுவைக் கொண்டுவந்து வைக்க 1877 வரை ஆயிற்று. சீனத்தில் வேலைபார்த்த பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர், நோயாளியின் இரத்தத்தைக் குடித்த கொசுவின் உடலுக்குள் இந்த நோயைத் தரும் புழு வளர்வதைக் கண்டார்.

மலையாளிகளிடம் வேறொரு கதை இருந்தது. நாறாணத்து பிராந்தனுக்கு ஒரு காலில் மந்து. சுடுகாட்டில் எதிர்ப்பட்ட பகவதி வரம் கேட்கச் சொன்னாள். என் ஆயுளில் ஒரு நாள் கூட்டித் தா என்றான். முடியாது என்றாள். சரி, ஒரு நாள் குறை என்றான். அதுவும் ஆகாது. அப்படியானால் இந்தக் காலில் இருக்கிற மந்தை அந்தக் காலுக்கு மாற்று என்றான். மாற்றினாள். சுக்குக் கிட்டங்கியில் அத்தையோடு வேலைபார்த்த பெண்கள் இந்தக் கதையை அடிக்கடி சொல்லிச் சிரிப்பார்களாம். அத்தைக்கு மட்டும் அவன் கேட்டது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியதே இல்லை. “குணமாக்குன்னு கேட்டா இவளால முடியாதுன்னு அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. முடியிறத கேட்டு வாங்கிட்டான்” என்பாள்.

அத்தை ஆலங்குளம் பக்கத்துக்காரி. கல்யாணமாகி 1967இல் மட்டாஞ்சேரிக்கு வந்தாள். மாமா பஜார் ரோட்டில் ஒரு மிளகு வியாபாரியிடம் கணக்குப்பிள்ளை. குஜராத்திகள், கொங்கணிகள், கச்சி மேமன்கள், கொஞ்சம் தள்ளி ஃபோர்ட் கொச்சி வேளியில் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுக்கும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் என்று எல்லோரும் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். சாக்கடை தேங்கிய சந்துகள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தொடையிடுக்கில் நெறி கட்டிக் குளிர்காய்ச்சல் வந்தது. மூன்று நாள் நடுங்கிக் கிடந்தாள். காய்ச்சல் போயிற்று, கணுக்காலில் வீக்கம் கொஞ்சம் மிச்சமிருந்தது. சில மாதம் கழித்து மறுபடி காய்ச்சல்; மறுபடி கொஞ்சம் மிச்சம். இப்படித்தான் வட்டி ஏறியது.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் விளக்கோடு சுகாதாரத் துறை ஆட்கள் வந்து விரலில் குத்தி இரத்தம் எடுப்பார்கள். பகலில் எடுத்தால் தெரியாது. அந்தப் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் இரத்தத்தில் உலாவும், கொசு கடிக்கிற நேரம் பார்த்து. ஹெட்ரசான் மாத்திரை கொடுப்பார்கள். மாத்திரை புழுவைக் கொல்லும், வீங்கிய காலை வற்றவைக்காது. நிணநீர் ஓடும் மெல்லிய குழாய்களில் புழு குடியிருந்து அவற்றின் வால்வுகளைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கும். தூர்ந்த வாய்க்காலில் தண்ணீர் நிற்பதைப்போலக் காலில் நீர் நிற்கும். விரலிடுக்கில் ஒரு சின்ன வெடிப்பு, சேற்றுப்புண் போதும். அது வழியாகப் பாக்டீரியா உள்ளே போகும், காய்ச்சல் வரும், வீக்கம் ஒரு படி ஏறும். புழு எப்போதோ செத்திருக்கும். அதற்குப் பிறகு காலை வளர்ப்பது காய்ச்சல்கள்தான்.

இதே நோய் ஆண்களுக்குப் பெரும்பாலும் விரைவீக்கமாக வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அப்படிப்பட்ட ஆண்கள் சுமார் 2.5 கோடி, கை கால் வீக்கத்தோடு வாழ்பவர்கள் 1.5 கோடிக்கு மேல். விரைவீக்கத்துக்கு அறுவை சிகிச்சை உண்டு, முடிந்தால் வேலைக்குப் போய்விடலாம். காலுக்கு அப்படி ஒரு முடிவு இல்லை. மாமாவுக்கும் வந்தது. எர்ணாகுளத்தில் ஆபரேஷன் செய்து, பத்து நாள் படுக்கையில் இருந்து, அத்தை கஞ்சி வைத்துக் கொடுத்து, தேறிவிட்டார்.

கால் பருத்ததில் மெட்டி சதையில் புதைந்தது. பத்தரை வீட்டுக்கு வரவழைத்துக் குறடால் வெட்டி எடுத்தார்கள். மாமியார் அழுதாளாம், மெட்டிக்காக. சுமங்கலி காலில் மெட்டியில்லாமல் இருக்கலாமா என்று. புடவையை இன்னும் தழைத்துக் கட்டச் சொன்னார்கள். விசேஷ வீடுகளில் பந்தியில் பரிமாற வேண்டாம், அடுக்களையில் இருந்தால் போதும் என்றார்கள். அத்தை தழைத்துக் கட்டினாள், அடுக்களையில் இருந்தாள், காய்ச்சல் வந்தால் பின்கட்டில் சாக்கை விரித்துப் படுத்தாள், விட்டதும் எழுந்து கிட்டங்கிக்குப் போய்ச் சுக்கு புடைத்தாள். ஊரிலிருந்து வந்துபோன எங்கள் உறவுக்காரர்கள் ஒருவர் விடாமல் சொன்னார்கள்: பூமாதேவி மாதிரி பொறுமை. சின்ன வயதில் நான் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன்.

திருப்பம் 2000களின் தொடக்கத்தில் வந்தது. யானைக்கால் ஒழிப்புக்காக ஊர் முழுவதற்கும் வருஷம் ஒரு முறை மாத்திரை கொடுக்கும் திட்டம் 2004இல் நாடெங்கும் விரிந்தது. அந்தச் சமயத்து முகாம் ஒன்றில் ஒரு நர்ஸ் அத்தையை உட்காரவைத்துக் காலைக் கழுவிக் காட்டினாள். சோப்பை நுரைத்து மேலிருந்து கீழே, ஒவ்வொரு மடிப்பிலும், ஒவ்வொரு விரலிடுக்கிலும். தேய்க்கக் கூடாது. துணியால் ஒற்றி ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துக் களிம்பு. பிறகு காலை உயர்த்தி வைத்து, கணுக்காலை மேலும் கீழும் அசைக்க வேண்டும். தினம் இரண்டு வேளை, ஆயுள் முழுக்க.

இவ்வளவு எளிய காரியத்துக்குப் பின்னால் பிரேசிலின் ரெசிஃபே நகரத்து மருத்துவர் ஜெரூசா டிரேயரின் உழைப்பும் இருந்தது என்பதைப் பல வருஷம் கழித்துப் படித்தேன். சுத்தமாகக் கழுவினால் காய்ச்சல் குறைகிறது, காய்ச்சல் குறைந்தால் கால் மேற்கொண்டு பருப்பதில்லை என்பதை அவர் தன் நோயாளிகளிடமே கண்டார். அவர்களைக் கூட்டி ‘நம்பிக்கைக் குழு’ என்று ஒன்றைத் தொடங்கினார். வருகிறவர்கள் ஒருவர் காலை ஒருவர் பார்த்தார்கள், கழுவக் கற்றார்கள், கற்றுக்கொடுத்தார்கள். வீட்டுக்குள் ஒளித்துவைத்த காலை நாலு பேர் முன்னால் நீட்டுவதே அங்கே முதல் பாடம்.

அத்தைக்குக் குழு எதுவும் அமையவில்லை. அவளுக்கு முதலில் வேண்டியிருந்தது தண்ணீர். மேற்குக் கொச்சியைச் சுற்றிலும் தண்ணீர், வாயில் வைக்க முடியாத உப்பு. குழாய் ராத்திரியில் எப்போதாவது ஓடும். குடங்கள் வரிசையில் காத்திருக்கும். கொழுந்தன் குடும்பமும் சேர்ந்திருந்த வீடு. அந்த வீட்டில் காலுக்கென்று தினம் இரண்டு வாளி நல்ல தண்ணீர் எடுத்துவைத்தாள். இரண்டாவது நாளே ஓரகத்தி முணுமுணுத்தாள். அத்தை சொன்ன பதிலை மாமாவே என்னிடம் ஆச்சரியத்தோடு ஒப்பித்திருக்கிறார்: “குடிக்கிற தண்ணியத் தொடல. துணி அலசுற தண்ணியத்தான் எடுத்திருக்கேன். இன்னையிலேர்ந்து அவங்கவங்க துணிய அவங்கவங்க அலசிக்கங்க.”

முப்பத்தைந்து வருஷமாக அந்த வீட்டின் எல்லோர் துணியையும் அலசியவள் அவள். தண்ணீரோடு நேரத்தையும் அந்த ஒரே வாக்கியத்தில் எடுத்துக்கொண்டாள். காலை அரைமணி, மாலை அரைமணி, கதவைச் சாத்திக்கொண்டு தன் உடம்போடு உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு மணி நேரம் அவளுக்கு இருந்ததே இல்லை. காய்ச்சல் அரிதாகி, பிறகு வருஷம் ஒன்று அதுவுமில்லாமல் போயிற்று. அதற்குள் அவள் வேறு ஆளாகியிருந்தாள். கிட்டங்கியில் உட்காரப் பலகை கேட்டு வாங்கினாள். விசேஷ வீட்டில் முன்வரிசையில் போய் அமர்ந்தாள். மறுபடி மெட்டி போடச் சொன்னவர்களிடம், இடுக்கில் ஈரம் தங்கும், போட மாட்டேன் என்றாள். வயசானதும் அத்தைக்கு வாய் நீண்டுவிட்டது என்று எங்கள் வீட்டிலேயே சொன்னார்கள்.

என் முறை 2013இல் வந்தது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்கவில்லை. மாவு டப்பாவின் மூடியைத் திருக முடியவில்லை. பத்து மணிக்கு மேல்தான் கை என்னுடையதாகும். பரிசோதனைகள் முடிந்து, முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்றார்கள். உடம்பின் காவல்படையே தன் மூட்டுகளைத் தாக்குகிற நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் மெத்தோட்ரெக்சேட், அதன் பக்கவிளைவுக்கு ஃபோலிக் அமிலம், ஈரலுக்கு என்ன ஆகிறதென்று பார்க்க அவ்வப்போது இரத்தப் பரிசோதனை. அலுவலகம் எட்டு மணிக்குத் தொடங்கும். விசைப்பலகையில் அடிக்க முடியாத கையோடு எட்டு மணிக்கு உட்கார்ந்து, யாராவது கேட்டால் “பரவால்ல” என்று சிரிப்பேன்.

அத்தை அதைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் போனில் நான் அப்படிச் சொல்வதைக் கேட்டுவிட்டு, “எதுட்டி பரவால்ல? வலி பரவால்லையா, வேலை பரவால்லையா, கேக்கிறவன் பரவால்லையா?” என்றாள். என்னிடம் பதில் இல்லை.

அந்த நாட்களில் வெளியிலிருந்து எனக்கு வந்ததெல்லாம் வீரக் கதைகள். நோயை வென்ற பெண்கள், நோயால் மலர்ந்த பெண்கள். நான் பதிலுக்குப் புத்தகங்களில் தேடினேன். 1982இல் மைக்கேல் பரி என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் என்னைப் போன்ற மூட்டுவாத நோயாளிகளிடம் பேசி எழுதியிருந்தார்: நீடித்த நோய் மூட்டை மட்டும் முறிப்பதில்லை, இனி என் வாழ்க்கை இப்படி இருக்கும் என்று நாம் போட்டுவைத்த திட்டத்தையும் முறிக்கிறது. படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன், எனக்கு நடந்தது அதுதான். அத்தையிடம் சொன்னேன். யோசித்துவிட்டுச் சொன்னாள்: “எனக்குன்னு யாரு திட்டம் போட்டா? அப்பா போட்டாரு, மாமியா போட்டா. முறிஞ்சது அவங்க போட்டதுதான்.” ஒரே முறிவு இரண்டு பெண்களுக்கு ஒன்றாக இருப்பதில்லை என்பது அன்று புரிந்தது. என்னிடமிருந்து ஒரு வழியை அது பறித்தது. அவளுக்கோ, மற்றவர்கள் போட்ட வழியில் ஒரு சந்து திறந்துவிட்டது.

1996இல் டெடெஸ்கி, கால்ஹூன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 21 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். பெரிய அடிக்குப் பிறகு மனிதர்களிடம் வரும் வளர்ச்சியை அளப்பதற்கு. வாழ்க்கையின் அருமை, உறவின் நெருக்கம், மனவலிமை, புதிய வழிகள், ஆன்மிக மாற்றம் என்று ஐந்து வகை. வளர்ச்சி அடியிலிருந்து வருவதில்லை, அடிக்குப் பிறகு நடக்கும் போராட்டத்திலிருந்து வருகிறது என்பதை அவர்கள் அழுத்திச் சொன்னார்கள். வேதனையும் வளர்ச்சியும் ஒரே ஆளிடம் ஒன்றாகவே இருக்கும் என்றும். கதை அனுப்புகிறவர்கள் இந்தப் பகுதியைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு மாலை அத்தை முக்காலியில் காலை வைத்திருந்தபோது அந்தக் கூற்றுகளின் சாரத்தை ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லி, பொருந்துகிறதா என்று கேட்டேன். வாழ்க்கையின் அருமை? “அது முன்னாடியே தெரியும். தண்ணிதான் கெடைக்கல.” உறவு? “சில பேர் கிட்ட வந்தாங்க. சில பேர நானே அனுப்பிட்டேன். ரெண்டும் நல்லதுதான்.” சாமி? “அவரு அப்படியேதான் இருக்காரு.” கடைசியில் நான், அளவுகோலில் இல்லாத ஒன்றை, சின்ன வயதிலிருந்து கேட்டதைக் கேட்டேன். உங்க பொறுமை, அத்தை?

“பொறுமைன்னு சொல்லாதட்டி” என்றாள். கோபம் வந்துவிட்டது. “நான் பொறுமையா இருந்த காலத்துலதான் இது இவ்வளவு வீங்குச்சு.”

காலைச் சுட்டிக்காட்டியபடி சொன்னாள். மருத்துவப்படி பார்த்தாலும் அது துல்லியம். சாக்கில் படுத்துச் சகித்த ஒவ்வொரு காய்ச்சலும் அந்தக் காலில் ஒரு சுற்று. வீக்கம் நின்றது அவள் சண்டை போடத் தொடங்கிய பிறகு.

நீடித்த நோயோடு வாழும் பெண்களின் ஆளுமை வளர்ச்சியைப் பற்றி நான் படித்ததும் கேட்டதும் இந்த ஒரு வாக்கியத்தின் முன்னால் இடம் மாறி அமர்ந்தன. இப்படிப்பட்ட அளவுகோல்களில் ஆண்களைவிடப் பெண்கள் சற்றுக் கூடுதலாக வளர்ச்சியைச் சொல்கிறார்கள் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதில் எவ்வளவு உண்மையான வளர்ச்சி, எவ்வளவு “பரவால்ல” என்று சொல்லிப் பழகிய வாய் என்ற சந்தேகம் எனக்கு உண்டு. பொறுத்துக்கொள்ளும் பெண்ணிடம் நோய் கொண்டுவந்த புதிய குணம் எதுவும் இல்லை. பொறுத்துக்கொள் என்று அவளுக்குப் பிறந்ததிலிருந்து கற்றுத்தந்ததுதான். நோய்க்குப் பிறகு புதிதாக முளைத்தது என்று சொல்ல வேண்டுமானால், வேண்டும் என்று கேட்கிற குரலையும் மாட்டேன் என்று சொல்கிற குரலையும்தான் சொல்ல வேண்டும். சுற்றியிருப்பவர்கள் அதை வளர்ச்சி என்று சொல்வதில்லை, வாய் நீண்டுவிட்டது என்கிறார்கள்.

எனக்கு அனுப்பப்பட்ட கதைகளில் கே. வி. ராபியாவினுடையதும் இருந்தது. மலப்புறம் மாவட்டம் திரூரங்காடிக்காரர். பதின்ம வயதில் போலியோவில் கால்கள் போயின. பிறகு புற்றுநோயும் வந்தது. 1990இல் வீட்டிலேயே எழுத்தறிவு வகுப்பு தொடங்கினார், 2022இல் பத்மஸ்ரீ பெற்றார், 2025இல் மறைந்தார். சக்கர நாற்காலி, புன்னகை, தன்னம்பிக்கை என்று கதை முடிந்துவிடும். அவருடைய ஊருக்குச் சாலையும் மின்சாரமும் தண்ணீரும் வந்ததில் அவர் விடாமல் கேட்டதற்குப் பங்குண்டு என்பதைத் தேடிப் படிக்க வேண்டியிருந்தது. எனக்கு அந்தச் சாலைதான் முக்கியமாகப் பட்டது. தன் நாற்காலி போக வழி கேட்டவர், ஊரே நடக்கிற சாலைக்கு வழிசெய்தார்.

கேரளத்தில் ஒரு நல்ல வழக்கம் வேரூன்றியிருக்கிறது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் தொடங்கிய வலி நிவாரண இயக்கம், 2008இல் மாநில அரசின் பாலியேட்டிவ் கொள்கையாகி, ஒவ்வொரு உள்ளாட்சியிலும் வீடு தேடி வரும் நர்ஸாக மாறியது. சாகப்போகிறவர்களுக்கு மட்டும் அல்ல, நெடுநாள் நோயாளிகளுக்கும். திருக்காக்கரை நகராட்சியின் நர்ஸ் எங்கள் வீட்டுக்கும் வந்தாள். அத்தையின் விரலிடுக்குகளைப் பார்த்துவிட்டு, “சேச்சி, இதை நீங்க எனக்குக் கற்றுத்தரணும்” என்றாள். அவள் வழியாகத்தான் சனிக்கிழமை மதியங்களில் எங்கள் கூடத்தில் பெண்கள் கூடத் தொடங்கினார்கள். டயாலிசிஸ் போகிற ஒருத்தி, லூபஸ் வந்த கல்லூரி ஆசிரியை ஒருத்தி, சர்க்கரையில் கால் விரல் இழந்த பாட்டி, நான். அத்தை முக்காலியில்.

அங்கே யாரும் யாரையும் பாராட்டுவதில்லை. இந்த வாரம் யாரிடம் என்ன கேட்டாய் என்பதுதான் பேச்சு. மாமியாரிடம் பகல் தூக்கம் கேட்டவள், கணவனிடம் பரிசோதனைப் பணத்துக்கு மாதம் ஒரு தொகை கேட்டவள், மருத்துவரிடம் இரண்டாவது கேள்வி கேட்டவள். கிடைத்ததா என்பது அடுத்த வாரப் பேச்சு. எல்லோருக்கும் கிடைக்கவில்லை. ஒருத்தி மெல்ல மெல்லச் சுருங்கி, பிறகு வருவதையே நிறுத்திவிட்டாள். வீட்டு வாடகைக்கே திண்டாட்டம், கேட்பதற்கு வீட்டில் ஆளும் இல்லை. அவள் ஏன் வளரவில்லை என்று கேட்பது அநியாயம். அத்தைக்கு ஒரு வேலையும் தன் கூலியும் இருந்தன. கழுவிக் காட்ட ஒரு நர்ஸ் வாய்த்தாள். எனக்கு மாதச் சம்பளம் இருந்தது. இவை இல்லாத இடத்தில் மனவலிமையை மட்டும் எதிர்பார்ப்பது, தண்ணீர் தராமல் காலைக் கழுவச் சொல்வது. நோய்க்கு இதில் ஒரு பெருமையும் சேரக் கூடாது என்பதில் அத்தை உறுதியாக இருந்தாள். நோய் வராமல் இருந்திருந்தால் இந்தக் குரல் வந்திருக்காதே என்று லூபஸ்காரி ஒரு தடவை சொன்னாள். “வந்திருக்கும். நல்ல காலோட வந்திருக்கும்” என்றாள் அத்தை.

ஒரு கோடையில் மட்டாஞ்சேரிப் பெண்கள் குடிதண்ணீருக்கு மனு கொடுக்கக் காக்கநாட்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் புறப்பட்டார்கள். படகு, பேருந்து என்று மாறி மாறி வந்தவர்களை அத்தை ஆட்டோவில் போய்ச் சந்தித்தாள், கூடவே நானும். அவள் அப்போது மட்டாஞ்சேரிக்காரி இல்லை, எங்கள் அடுக்குமாடிக்கு லாரித் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கிட்டங்கித் தோழிகள் அவளை முன்னால் நிறுத்தினார்கள். புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, மலையாளமும் ஆலங்குளத்துத் தமிழும் கலந்து அவள் பேசினாள்: குடிக்க எவ்வளவு, சமைக்க எவ்வளவு என்று கணக்கெழுதுகிறீர்கள், மந்து உள்ள காலுக்குத் தினம் இரண்டு வாளி, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மனுவில் அந்த வரி சேர்ந்தது. அதற்குப் பிறகு குழாயில் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. ஆனால் திரும்பும் வழியில் இரண்டு தோழிகள் எங்கள் வீட்டுக்கு வந்து, முதல் தடவையாகத் தங்கள் கால்களைப் பேசினில் வைத்தார்கள்.

அத்தை 2019இல் இதயம் நின்று போனாள். காலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. துக்கத்துக்கு வந்த உறவுக்காரர் ஒருவர், எவ்வளவு பொறுமைசாலி என்று பழைய பாட்டைத் தொடங்கினார். மட்டாஞ்சேரியிலிருந்து வந்திருந்த தோழி அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். “பொறுமையோ? அவளுக்கோ?” என்றாள். அழுகைக்கு நடுவில் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நான் அலுவலகத்தில் பத்து மணிக்கு வேலை தொடங்க அனுமதி கேட்டேன். முதலில் மறுத்தார்கள். காரணத்தை எழுத்தில் கேட்டேன். மருத்துவச் சான்றோடு மறுபடி போனேன். அடிக்கடி லீவு எடுக்கிறவள் என்று பெயர் இருந்தது, கூடவே தொந்தரவு பிடித்தவள் என்ற பெயரும் வந்தது. அந்த வருஷப் பதவி உயர்வு இல்லாமல் போயிற்று. பத்து மணி கிடைத்தது. இப்போது அந்த நேரத்துக்கு வருகிறவர்கள் என்னோடு இன்னும் இரண்டு பேர்: ஒற்றைத் தலைவலியால் காலையில் கண் திறக்க முடியாத ஒரு பெண், குடல் அழற்சி நோயுள்ள ஒரு பையன். என் பழைய விண்ணப்பத்தின் நகலை வாங்கி, பெயரையும் நோயையும் மாற்றிக் கொடுத்தார்கள். அவர்கள் ஒரே ஒரு தடவைதான் கேட்க வேண்டியிருந்தது.